இருளுக்கு இட்ட பெயர்கள்

நுழையும்முன்

ஊருக்குப் பெயர் உண்டு. தெருவுக்கும் பெயர் உண்டு. கதிரவன் ஒளி எட்டாத நிலத்தடிக் குகைகளின் வழிகளுக்கும் பெயர்கள் உண்டு. அவற்றுள் சில வியப்பூட்டுபவை, சில நகைப்பூட்டுபவை, சில அச்சம் தருபவை. அப்பெயர்களை இட்டவர் யாவர்? எந்தக் காரணம் பற்றி இட்டனர்? ஒரு பெயர் தன்னை இட்டவரைப் பற்றி எதனைக் கூறுகிறது? இவ்வினாக்களுக்கான விடைகளை இப்பாடத்தில் காண்போம்.

குகைக்குள் பெயர் எதற்கு?

மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கவர்ந்து மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலம் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்பு வழியாகிறது, வழி கூடமாகிறது, கூடத்திலிருந்து மேலும் பல வழிகள் கிளைக்கின்றன. இவ்வாறு உருவாகும் பெருங்குகைகள் மரத்தின் வேர்களைப் போல மண்ணுக்கடியில் பரவிக் கிடக்கின்றன.

இத்தகைய குகையினுள் திசை காட்டக் கதிரவன் இல்லை. அடையாளம் சொல்ல மரமோ கோபுரமோ இல்லை. "இடப்பக்கத்து மூன்றாம் வழியில் செல்க" என்று ஒருவர் சொன்னால், அது போகும்போது மட்டுமே பொருந்தும். திரும்பி வரும்போது இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். மேலும், முன்பின் அறியாத புதிய வழியொன்று இடையில் காணப்பட்டால், மூன்றாவது வழி நான்காவதாகிவிடும். பெயரோ எத்திசையிலிருந்து வந்தாலும் மாறாது. ஆகவே, குகையில் பெயர் உயிர் காக்கும் கருவியாகிறது. வழி தவறியவரைத் தேடிச் செல்வோர்க்கும், வரைபடம் வரைவோர்க்கும் அதுவே துணை.

குகையை அளப்போர் நாடா, திசைகாட்டி, சரிவுமானி ஆகிய கருவிகளைக் கொண்டு செல்வர். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைவரை உள்ள தொலைவையும் திசையையும் ஏற்ற இறக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதுவர். அக்குறிப்பின் தலைப்பில் வழியின் பெயர் இடம்பெற வேண்டும். இதுவரை எவரும் நுழையாத வழியாயின், முதலில் நுழைந்து அளந்தவர் அதற்குப் பெயர் இடுதல் வழக்கம்.

உலகின் நெடுங்குகை

அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தில் மாமத் குகை உள்ளது. உலகில் இதுவரை அளக்கப்பட்ட குகைகளுள் மிக நீளமானது இதுவே. இதன் வழிகள் 680 கிலோமீட்டருக்கும் மேற்பட்டவை. 'மாமத்' என்பது பழங்கால யானையினத்தின் பெயராக இருப்பினும், அவ்யானையின் எலும்பு கிடைத்ததால் குகைக்கு இப்பெயர் அமையவில்லை. 'மிகப் பெரியது' என்னும் பொருளிலேயே இச்சொல் இங்கு வழங்குகிறது.

இக்குகையின் உட்பகுதிப் பெயர்களை நோக்கினால், பெயரிடும் முறைகள் பல இருப்பதை அறியலாம்.

சில பெயர்கள் உருவத்தால் அமைந்தவை. மாபெரும் பெட்டி போன்ற ஒரு பாறைக்கு 'அரக்கனின் சவப்பெட்டி' என்று பெயர். மற்றொரு கூடத்தின் விதானத்தில் வெண்ணிறக் கனிமம் உருண்டை உருண்டையாகப் படிந்துள்ளது. அதன் பெயர் 'பனியுருண்டை அறை'. வேறோர் இடத்தில் கரிய விதானத்தில் வெண்புள்ளிகள் சிதறியுள்ளன. விளக்கொளியில் அவை இரவு வானத்து மீன்கள் போலத் தோன்றும். அவ்விடம் 'விண்மீன் கூடம்' எனப்படுகிறது.

சில பெயர்கள் ஒலியால் அமைந்தவை. குகையின் ஆழத்தில் ஓடும் ஆறு ஒன்றில் படகில் சென்று குரல் எழுப்பினால், அக்குரல் பாறைச் சுவர்களில் பட்டு நெடுநேரம் முழங்கும். அது 'எதிரொலி ஆறு' எனப் பெயர் பெற்றது. கண்களற்ற மீன்கள் அந்நீரில் வாழ்கின்றன.

சில பெயர்கள் உடல் பட்ட பாட்டால் அமைந்தவை. வளைந்து வளைந்து செல்லும் மிகக் குறுகிய இடுக்கு ஒன்று உண்டு. உடல் பருத்தவர் அதனுள் நுழைந்து வெளிவருதல் எளிதன்று. அதற்கு 'பருத்தவர் படும்பாடு' என்று பெயரிட்டனர். அதனைக் கடந்து மகிழ்ந்த மெலிந்த நெட்டையர்க்கும் ஓர் இடம் காத்திருந்தது. விதானம் தாழ்ந்து, குனிந்து செல்ல வேண்டிய அவ்விடம் 'நெட்டையர் படும்பாடு' ஆயிற்று.

சில பெயர்கள் துயர நிகழ்ச்சியால் அமைந்தவை. 1842ஆம் ஆண்டில் ஜான் குரோகன் என்னும் மருத்துவர், குகையின் காற்று காசநோயைத் தீர்க்கும் என நம்பினார். நோயாளிகளைக் குகைக்குள்ளேயே குடியமர்த்தினார். அவர் நம்பிக்கை பொய்த்தது. நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். அவர்தம் உடல்களைக் கிடத்திய பாறை இன்றும் 'பிணப்பாறை' என்றே வழங்கப்படுகிறது. அவர்கள் தங்கிய கற்குடில்கள் இரண்டும் எஞ்சி நிற்கின்றன.

பெயர் இட்ட அடிமை

மாமத் குகையின் பெயர்களைப் பேசுங்கால் ஸ்டீபன் பிஷப் என்பவரை மறத்தல் இயலாது.

1838ஆம் ஆண்டில் பிராங்ளின் கோரின் என்னும் வழக்கறிஞர் இக்குகையை விலைக்கு வாங்கினார். பயணிகளுக்கு வழிகாட்டும் பணியில் ஸ்டீபன் பிஷப்பை அமர்த்தினார். ஸ்டீபன் அப்போது ஏறத்தாழப் பதினேழு வயது இளைஞர், ஆப்பிரிக்க வழியினர், கோரினுக்கு உரிமையான அடிமை. அந்நாளில் அமெரிக்காவின் தென்பகுதியில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கவும் விற்கவும் சட்டம் இடமளித்தது.

ஸ்டீபன் தமக்குக் காட்டப்பட்ட வழிகளோடு நின்றாரில்லை. குகையில் 'அடியற்ற பள்ளம்' என்று பெயர்பெற்ற படுகுழி ஒன்று இருந்தது. அதற்கப்பால் எவரும் சென்றதில்லை. அதே 1838ஆம் ஆண்டில் ஸ்டீபன் அப்பள்ளத்தின் குறுக்கே ஒடுங்கிய ஏணி ஒன்றைப் பாலமாக இட்டு, பயணி ஒருவரோடு அதனைக் கடந்தார். அப்பால் புதிய வழிகள் விரிந்தன. நிலத்தடி ஆறுகள் காணப்பட்டன. பின்னாளில் அப்பள்ளத்தின் ஆழத்தை அளந்தபோது அது ஏறத்தாழ 32 மீட்டர் எனத் தெரிந்தது. அடி உண்டென்று அறிந்த பின்னரும் 'அடியற்ற பள்ளம்' என்னும் பெயர் மாறவில்லை. அளவு பொய்யாயினும், கைவிளக்கின் ஒளி எட்டாத ஆழத்தைக் கண்டு முதலில் நின்றவரின் அச்சம் மெய்யன்றோ? அப்பெயர் அந்த அச்சத்தைக் காத்து நிற்கிறது.

ஸ்டீபன் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். எனினும், படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார். குகைக்கு வந்த அறிஞர்களிடம் நிலவியலையும் பழங்கதைகளையும் கேட்டறிந்தார். அவரும் அவரோடு வந்த பயணிகளும் புதிய இடங்களுக்குப் பெயரிட்டபோது அக்கதைகளும் உள்ளே புகுந்தன. குகையின் ஆறு ஒன்றுக்கு 'ஸ்டிக்ஸ்' என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் இறந்தோர் கடந்து செல்லும் ஆறு அது; நம் நாட்டுப் புராணங்கள் கூறும் வைதரணி ஆற்றினை ஒத்தது. குகையின் மற்றொரு நீர்நிலைக்கு 'லீத்தே' என்று பெயர். அதன் நீரைப் பருகியோர் கடந்ததையெல்லாம் மறப்பர் என்பது கிரேக்கர் கதை.

1839ஆம் ஆண்டில் கோரின், குகையை மருத்துவர் குரோகனுக்கு விற்றார். குகையோடு சேர்த்து ஸ்டீபனும் விற்கப்பட்டார். ஸ்டீபன் கண்டறிந்த உயர்ந்த செங்குத்துக் கூடம் ஒன்று 'கோரினின் மாடம்' என்றே பெயர் பெற்றது. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்.

எனினும், 1842ஆம் ஆண்டில் குரோகன் குகையின் வரைபடம் ஒன்றை விரும்பியபோது, அதனை வரையத் தகுந்தவர் ஸ்டீபன் ஒருவரே என்பது தெளிவாயிற்று. அவர் குகையிலிருந்து தொலைவில் அமர்ந்து, நினைவிலிருந்தே வழிகளையும் ஆறுகளையும் பள்ளங்களையும் வரைந்தார். அவ்வரைபடம் 1845ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில் இடம்பெற்றது. வழிகாட்டிகளுள் ஒருவராகிய ஸ்டீபன் பிஷப் வரைந்தது என்னும் குறிப்பும் அதில் அச்சாயிற்று. அடிமை ஒருவரின் உழைப்புக்கு அவர் பெயரையே குறித்தல் அந்நாளில் அரிது.

1856ஆம் ஆண்டில் ஸ்டீபன் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டே காலமானார். குகைக்கு அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் நாட்டிய கல்லில், அவர் மறைந்த ஆண்டு 1859 எனப் பிழையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கல்லின் மீது எழுதியது பிழைத்தது; குகைக்குள் அவர் நாளில் வழங்கிய பெயர்களோ இன்றும் பிழையின்றி வழி காட்டுகின்றன.

சுவரில் கிடைத்த பெயர்

ஒரு பெயர் தன் உடையவர் மறைந்த பின்னும் பிறர்க்கு உதவும் என்பதற்கு அதே குகையில் மற்றொரு சான்று உண்டு.

மாமத் குகைக்கு அருகில் பிளின்ட் ரிட்ஜ் என்னும் குகைத்தொகுதி இருந்தது. இவ்விரண்டும் நிலத்தடியில் இணைந்துள்ளனவா என்பதை ஆய்வாளர் பல ஆண்டுகள் தேடினர். 1972ஆம் ஆண்டில் பிளின்ட் ரிட்ஜ் பக்கமிருந்து சென்ற குழுவினர் 'நெருக்கிடம்' எனப் பெயரிட்ட மிகக் குறுகிய இடுக்கினை அடைந்தனர். பாட்ரிசியா கிரௌதர் என்னும் பெண்மணி அதனுள் முதலில் நுழைந்து கடந்தார். அப்பால் நெடுந்தொலைவு சென்றபோது, சுவரில் ஓர் அம்புக்குறியும் 'பீட் எச்.' என்னும் பெயரும் கீறப்பட்டிருந்தன. முன்னர் மாமத் குகையில் வழிகாட்டியாக இருந்த பீட் ஹான்சன் எழுதிய பெயர் அது. அவர் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தவர். அவர் இங்கு வந்திருந்தார் எனில், மாமத் குகைக்கு வழி உண்டு என்பது உறுதியாயிற்று.

அம்பு காட்டிய திசையில், 1972 செப்டம்பர் 9 அன்று அறுவர் குளிர்ந்த நீரில் நடந்தனர். இறுதியில், சுற்றுலாப் பயணியர் பற்றி நடக்கும் கைப்பிடிக் கம்பி விளக்கொளியில் தென்பட்டது. இரு குகைகளும் ஒன்றாயின. அவர்கள் கடந்துவந்த நீர்வழிக்கு 'ஹான்சனின் மறைந்த ஆறு' என்று பெயரிட்டனர்.

நம் நாட்டுக் குகைகள்

பெயரிடும் இம்முறைகள் நம் நாட்டிலும் உள்ளன. ஆந்திரப் பிரதேசத்தின் பேலம் குகை 3,229 மீட்டர் நீளமுடையது. 1884ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் இதனைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1982, 1983ஆம் ஆண்டுகளில் செருமானியக் குழுவினர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். 'பேலம்' என்னும் பெயர் 'பிலம்' என்பதன் வழி வந்தது. பிலம் என்றால் குகை. இச்சொல் தமிழிலும் அதே பொருளில் பழமையாக வழங்கி வருகிறது. முழை, அளை, விடர் ஆகியனவும் குகையையும் பாறைப் பிளவையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களே.

பேலம் குகையின் உட்பெயர்கள் தெலுங்கு மக்களின் வாழ்விலிருந்து எழுந்தவை. சிங்கத்தின் தலை போன்ற வாயில் 'சிம்மத்துவாரம்' ஆயிற்று. ஓரிடத்தில் விதானத்திலிருந்து சுண்ணாம்புக் கற்கள் ஆலமரத்தின் விழுதுகள் போலத் தொங்குகின்றன. அது 'ஊடலமர்ரி', அஃதாவது விழுதுகளையுடைய ஆலமரம். தட்டினால் இன்னொலி எழும் கற்கள் உள்ள அறை 'ஏழு சுரங்களின் குகை' எனப்படும். நிலத்தடி நீரோடைக்குப் 'பாதாள கங்கை' என்று பெயர். கெண்டக்கியில் இருளில் நீரைக் கண்டவர் ஸ்டிக்ஸை நினைத்தார். ஆந்திரத்தில் கண்டவர் கங்கையை நினைத்தார். கண்முன் உள்ளது புதியதாயினும், அதற்கு இடும் பெயர் நெஞ்சில் முன்பே உள்ள பழமையிலிருந்து பிறக்கிறது.

வடகிழக்கில் மேகாலயா மாநிலத்தில் குகைகள் மிகுதி. காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை. அங்குள்ள 'கிரெம் லியாட் பிரா' என்னும் குகை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. குகையின் பெயர் காசி மக்களுடையது. ஆனால், அதனுள் உள்ள மிக அகன்ற வழிக்கு அதனை அளந்தவர்கள் 'விமானக் கொட்டகை' என்று பெயரிட்டனர். விமானம் பறக்காத காலத்தில் இப்பெயர் தோன்றியிருக்க இயலாது. இவ்வாறு, பெயர் தான் பிறந்த காலத்தையும் காட்டிவிடுகிறது.

மேகாலயக் குகைகள் பெயர் பெற்றதோடு அமையாது, பெயர் வழங்கியும் உள்ளன. மாம்லு குகையில் கீழிருந்து வளர்ந்த சுண்ணாம்புக் கல் ஒன்றினை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெருவறட்சியின் தடத்தை அதில் கண்டனர். அப்போது தொடங்கி இன்றுவரை நீளும் புவிக்காலப் பகுதிக்கு 2018ஆம் ஆண்டில் 'மேகாலயக் காலம்' எனப் பெயர் சூட்டப்பட்டது.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டச் சித்தன்னவாசல் குன்றில் சமண முனிவர் தங்கிய இயற்கைக் குகைத்தளம் உள்ளது. அங்கே வழுவழுப்பான கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் காணப்படுகின்றன. அவ்விடத்தை அடையப் பாறையில் ஏழு குழிகளைப் படிகளாக வெட்டியிருந்தனர். அதனால் அதற்கு 'ஏழடிப்பட்டம்' என்று பெயர். முனிவர் மறைந்தனர்; அவர்கள் கால் வைத்து ஏறிய முறையைப் பெயர் இன்றும் சொல்கிறது.

பெயர்கள் சொல்வன

குகையின் பெயர்கள் முதலில் கேட்போர்க்கு விளையாட்டாகத் தோன்றலாம். அவற்றின் காரணத்தை ஆராயுங்கால், முன் சென்றவர் கண்டது, கேட்டது, அஞ்சியது, பட்டது, கற்றது ஆகிய அனைத்தும் அவற்றில் அடங்கியிருப்பது விளங்கும். சில வேளைகளில் பெயர் உரியவரைச் சென்றடைவதில்லை. கோரினின் மாடம் அதற்குச் சான்று. அத்தகைய இடத்தில், பெயருக்குப் பின் நிற்கும் உண்மையான உழைப்பாளியைத் தேடி அறிவது கற்போர் கடன். ஓர் இடத்தின் பெயரைக் கேட்டவுடன் 'இப்பெயர் ஏன் வந்தது? யார் இட்டது?' என்று வினவுவோர்க்கு, அவ்விடத்தின் வரலாறு வாயில் திறக்கும்.

சொற்பொருள்

விதானம் – மேற்கூரை
கவர்ந்து – ஈர்த்து எடுத்து
இடுக்கு – மிகக் குறுகிய இடம்
மாடம் – உயர்ந்த கட்டடப் பகுதி. இங்கு உயர்ந்த குகைக்கூடம்
பிலம் – குகை
முழை – குகை
விடர் – மலைப்பிளவு
கடன் – கடமை
மீன் – இப்பாடத்தில் இருபொருளில் வந்துள்ளது: விண்மீன், நீர்வாழ் உயிர்

இலக்கணம் அறிவோம்

பெயர்ச்சொல்லை அது அமைந்த முறையால் இருவகைப்படுத்துவர்.

இடுகுறிப்பெயர்: காரணம் ஏதும் கருதாமல், முன்னோர் குறியாக இட்டு வழங்கிய பெயர். எ.கா. மண், மரம், காடு.

காரணப்பெயர்: ஏதேனும் ஒரு காரணம் பற்றி அமைந்த பெயர். எ.கா. நாற்காலி (நான்கு கால்களை உடையது), பறவை (பறப்பது).

'எதிரொலி ஆறு' என்பதில் 'ஆறு' இடுகுறிப்பெயர். 'எதிரொலி' என்னும் அடைமொழி சேர்ந்தபின் முழுப்பெயரும் காரணம் பற்றியதாகிறது. இப்பாடத்தில் வந்த குகை வழிகளின் பெயர்கள் அனைத்தும் காரணம் பற்றி எழுந்தவை.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'பிலம்' என்னும் சொல்லின் பொருள் ______.
(ஆறு, குகை, மழை, பாலம்)

2. ஸ்டீபன் பிஷப் குகையின் வரைபடத்தை வரைந்த ஆண்டு ______.
(1838, 1842, 1856, 1972)

3. காசி மொழியில் குகையைக் குறிக்கும் சொல் ______.
(கிரெம், மாமத், விடர், லீத்தே)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. குகைக்குள் 'இடப்பக்கம்', 'வலப்பக்கம்' என்று வழி சொல்வது ஏன் பயன்படாது?
2. 'ஏழடிப்பட்டம்' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
3. 'விமானக் கொட்டகை' என்னும் பெயரிலிருந்து அது தோன்றிய காலத்தைப் பற்றி யாது அறியலாம்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. 'அடியற்ற பள்ளம்' என்னும் பெயர் அளவில் பொய். ஆயினும் அது மாறவில்லை. ஏன்?
2. பீட் ஹான்சன் சுவரில் எழுதிய பெயர் ஆய்வாளர்க்கு எவ்வாறு உதவியது?

ஈ. விரிவாக விடை எழுதுக.

'கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்.' ஸ்டீபன் பிஷப்பின் வாழ்க்கையைக் கொண்டு இக்கூற்றினை விளக்குக. இது முறையா என்பது குறித்து உம் கருத்தையும் எழுதுக.

உ. வகைப்படுத்துக.

கீழ்க்காணும் பெயர்கள் உருவம், ஒலி, உடல் பட்ட பாடு, நிகழ்ச்சி, ஆள், புராணம் ஆகியவற்றுள் எதனால் அமைந்தவை எனப் பட்டியலிடுக.

ஸ்டிக்ஸ், பிணப்பாறை, சிம்மத்துவாரம், ஏழு சுரங்களின் குகை, நெருக்கிடம், கோரினின் மாடம், பனியுருண்டை அறை, பாதாள கங்கை

கற்பவை கற்றபின்

1. நீர் இப்போது வாழும் நகரில் ஒரு தெரு அல்லது பேருந்து நிறுத்தத்தின் பெயர்க்காரணத்தை அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக. அப்பெயர் எம்மொழிச் சொல் என்பதையும் குறிப்பிடுக.

2. தாத்தா, பாட்டி அல்லது பெற்றோர் பிறந்த ஊரில் உள்ள குளம், மேடு, தெரு, வயல் ஆகியவற்றுள் ஒன்றின் பெயர்க்காரணத்தை அவர்களிடம் கேட்டறிக. அவர்கள் சொன்னவாறே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

3. பள்ளி வளாகத்தில் பெயரில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் காரணப்பெயர் இடுக. அப்பெயர்க்கான காரணத்தை ஒரே தொடரில் எழுதுக.